கட்டும் மரமும்: ஆங்கிலத்தில் வாழும் ஒரு வினைத்தொகை



சொல்லாராய்ச்சியை வளர்ப்பதற்கென்று ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை இது. தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். தூத்துக்குடியில் நின்று பேசுகிறவர் கடலை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசுவது முறையாகாது. ஆகவே ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்று வழங்கும் சொல்லை இன்று எடுத்துக்கொள்கிறேன். அது நம் கட்டுமரம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அந்தச் செய்தியைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதற்காக நான் வரவில்லை. அந்தச் சொல் எப்படிக் கட்டப்பட்டது, கடல் தாண்டிப் போனபோது அதில் எது பிழைத்தது, எது நழுவிப்போனது, நழுவியதை மீட்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

சொல்லின் உறுப்புகள்

ஆங்கிலத்தில் 'கேட்டா' என்று தொடங்கும் சொற்கள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கிரேக்க முன்னொட்டைக் கொண்டவை. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் கேட்டமரனையும் கிரேக்கச் சொல் என்று எண்ணிவிட இடமுண்டு. ஆனால் அகராதியாளர்களுக்கு இதில் ஐயம் இருந்ததில்லை. ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, கட்டு, மரம் என்று இரண்டு உறுப்பாகப் பிரித்தே பொருள் சொல்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய மொழிகளைக் கற்றவர்.

அகராதி அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இலக்கணம் படித்த நாம் இன்னும் ஓர் அடி போகலாம். கட்டுமரம் என்ன தொகை? கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று முக்காலத்துக்கும் விரிகிறது. ஊறுகாய், குடிநீர், சுடுசோறு போலக் காலத்தை உள்ளே மறைத்து வைத்திருக்கும் வினைத்தொகை இது. கட்டு என்பதைப் பெயராகவும் கொள்ளலாமே, விறகுக்கட்டு என்பது போல மரங்களின் கட்டு என்று சொல்லலாமே என்று இலக்கண ஆசிரியர்கள் கேட்கக்கூடும். கொள்ளலாம், மொழியில் தடையில்லை. ஆனால் கரையில் நடக்கும் வேலையைப் பார்த்தவர்கள் வினைத்தொகை என்பதன் பக்கமே நிற்பார்கள். ஏனென்று சொல்கிறேன்.

கரையில் நடக்கும் வேலை

கட்டுமரம் ஒருமுறை செய்து முடித்துவிட்ட கலம் அன்று. எடை குறைந்த மரங்களை, முள்முருங்கை, மலைவேம்பு போன்றவற்றை, தேர்ந்து நீளவாக்கில் செதுக்குவார்கள். நடுமரம் நீளமானது, சற்றுத் தாழ்ந்து உட்காரும். பக்க மரங்கள் அதைவிட ஒரு மட்டம் உயர்ந்து நிற்கும். அதனால் மேற்புறம் ஆழமில்லாத தொட்டி போலக் குழிந்திருக்கும். அணியம், அதாவது முன்பக்கம், கூர்மையாகச் சீவப்பட்டு அலையை நோக்கி மேலெழும்பும். மரங்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது தேங்காய்நார்க் கயிறு. முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. ஆணி கிடையாது, பலகை கிடையாது, பிசினும் தாரும் கிடையாது.

அலை மேலே ஏறினால் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும். உள்ளே நீர் நிறைந்து மூழ்குவதற்கு இதில் 'உள்ளே' என்ற ஒன்றே இல்லை. ஓங்கி உடையும் அலைகளைத் தாண்டிப் போகவேண்டிய கரைகளில் கட்டுமரம் நிலைபெற்றதற்கு இதுதான் காரணம்.

தூத்துக்குடி நகரத்தின் முன்னே தீவுகள் காவல் நிற்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் சில இந்த ஊருக்கு எதிரிலேயே இருக்கின்றன. அலை அடங்கிய இந்தப் பகுதியில் வள்ளமும் வத்தையும் தோணியும் ஓடின. தெற்கே மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று போகப் போக, கடல் நேரே வந்து கரையில் மோதும். அங்கே கட்டுமரம்தான் தொழிலைத் தாங்கியது. எந்தக் கலம் ஓடவேண்டும் என்பதைக் கரையின் அமைப்பே முடிவு செய்தது.

கரை திரும்பியதும் என்ன நடக்கும்? கயிற்றை அவிழ்ப்பார்கள். மரங்களைத் தனித்தனியாகத் தோளில் தூக்கி மணலில் மேடான இடத்துக்குக் கொண்டுபோய் உலரப் போடுவார்கள். இலேசான மரம் நீரை உறிஞ்சும். உலராவிட்டால் கனத்துவிடும், சீக்கிரம் உளுத்தும் போகும். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மறுபடியும் அடுக்கிக் கட்டவேண்டும். நேற்றுக் கட்டியது, இன்று கட்டுவது, நாளை கட்டப்போவது மூன்றும் ஒரே கலம். காலம் மறைந்து நிற்கும் தொகையாக இந்தப் பெயர் அமைந்ததற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை. கட்டு என்பது இந்தக் கலத்தின் வடிவம் மட்டும் அன்று, அன்றாடம் நடக்கும் செயல்.

ஆந்திரக் கடற்கரையில் இதே இனத்துக் கலத்துக்குத் தெப்பா என்று பெயர். விசாகப்பட்டினம், கஞ்சம் பக்கத்தில் மரங்களை மர ஆணியால் இணைக்கும் வகை இருந்ததை ஜேம்ஸ் ஹார்னெல் பதிவு செய்திருக்கிறார். சென்னை மாகாண அரசின் முத்து, சங்குக் குளிப்புப் பொறுப்பில் இருந்து இந்தக் கடலை நெருங்கி அறிந்தவர் ஹார்னெல். இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் இத்துறையில் முதலில் எடுத்துப் படிக்கவேண்டிய நூல்.

கட்டு என்னும் வினை இந்தக் கடலில் இன்னொரு பெயரிலும் வாழ்ந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் குளியாட்கள் நீரில் இறங்குமுன் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவர் ஒருவர் வேண்டும். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். எதிர்க்கரையான இலங்கையின் அரிப்புக் கடல் முத்துக்குளிப்பை விவரித்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் கடல்கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். பரம்பரை பரம்பரையாக ஒரு குடும்பத்துக்குரிய வேலை அது. டெனன்ட் காலத்தில் அந்தக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கராக இருந்தார். அவர் மந்திரம் சொல்லி முடிக்கும்வரை குளியாட்கள் இறங்கமாட்டார்கள். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டி என்ற சொல்லும் அதோடு புழக்கத்திலிருந்து போய்விட்டது. ஒரு தொழில் நின்றால் அதன் சொற்கள் எவ்வளவு விரைவில் மறையும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

ஐரோப்பியர் காதில் விழுந்தது

இனிச் சொல்லின் பயணத்துக்கு வருகிறேன். காஸ்பரோ பால்பி வெனிஸ் நகரத்து நகை வணிகர். 1580களின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரைக்கு வந்தார். ஏழு மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலங்களைக் கண்டு அவற்றைக் 'கட்டமெரோனி' என்ற ஓசையில் எழுதிவைத்தார். அவருடைய பயண நூல் 1590இல் வெளிவந்தது. ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லுக்குக் காட்டும் மிகப் பழைய சான்று இதுவே.

ஆங்கிலத்தில் இதை நிலைநாட்டியவர் வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி. 1697இல் அச்சான அவருடைய உலகப் பயண நூலில் இந்தச் சொல் வருகிறது. அது வரும் இடத்தைக் கவனியுங்கள். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பெரு நாட்டுப் பக்கம் கண்ட மரத்தெப்பங்களைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறார். அவற்றுக்கு இணையாகச் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் காட்டுகிறார். ஒன்றோ இரண்டோ மரம், ஓர் ஆள், அவருடைய கால்கள் எப்போதும் தண்ணீரில். அவ்வளவு சிறிய கலத்தின் பெயர், ஆங்கிலத்தில் நுழையும்போதே உலகத்தின் மறுகோடியிலுள்ள தெப்பங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் அந்தச் சொல் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டதற்கு அங்கேயே விதை விழுந்தது.

ஓசை மாற்றத்தையும் பார்ப்போம். கட்டு என்பதன் ஈற்றில் நிற்பது வன்றொடர்க் குற்றியலுகரம். அரை மாத்திரையே ஒலிக்கும் அந்த உகரத்தை வேற்று நாட்டார் தெளிவாகக் கேட்டிருக்க முடியாது. 'அ' என்று எழுதிவிட்டார்கள். மரம் என்பதன் மகர மெய்யும் நம் பேச்சில் உதடு மூடாமல் மூக்கோசையாகவே முடிகிறது. அதை அவர்கள் னகரமாகக் கேட்டார்கள் என்று கருத இடமிருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து அவர்கள் இந்தச் சொல்லை எழுதவில்லை. அலைக்கரையில் நின்ற மீனவர் வாயிலிருந்து காதால் வாங்கினார்கள். இந்தக் கரைத் தமிழர் பேச்சின் தடம், ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்றும் பதிந்து கிடக்கிறது.

கட்டிய கயிறும் உடன் போயிற்று. ஆங்கிலத்தில் தென்னை நாருக்கு வழங்கும் 'காயர்' என்ற சொல் மலையாளத்துக் கயறிலிருந்து, நம் கயிற்றின் உடன்பிறப்பிலிருந்து, சென்றது. ஆனால் மரமும் கயிறும் அங்கே தனித்தனிச் சொற்களாகவே போய்ச் சேர்ந்தன. இரண்டுக்குமுள்ள உறவை அந்த மொழி அறியவில்லை.

பொருள் அலைந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சொல் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1804 அக்டோபரில் பிரெஞ்சுக் கடற்படை பூலோன் துறைமுகத்தில் திரண்டிருந்தது. அதைத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் வகுத்துக் கொடுத்த வெடிமிதவைகளை ஆங்கிலேயர் மிதக்கவிட்டார்கள். வெடிமருந்து நிரப்பி, நீர்மட்டத்தோடு மிதக்கும் அந்தப் பெட்டிகளுக்குக் கேட்டமரன் என்று பெயர் சூட்டினார்கள். தாக்குதலில் பெரிதாகப் பலனில்லை. மீனவர் உயிரைக் காத்த கலத்தின் பெயர், கப்பலைச் சிதறடிக்கும் கருவிக்குப் போயிற்று. கப்பல் கட்டும் துறைகளில் சாதாரண வேலைத் தெப்பத்துக்கும் அதே பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பனியில் விறகு இழுக்கும் மரச் சறுக்குவண்டிக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லின் ஓசை முதலில் இருப்பதால், சண்டைக்காரப் பெண்ணைத் திட்டும் சொல்லாகவும் அது சில காலம் வழங்கிற்று.

இப்போதைய பொருள் அமெரிக்காவில் உறுதிப்பட்டது. நதானியேல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டி, 1876இல் நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். மற்றப் படகுகளையெல்லாம் அது பின்தள்ளியது. தோற்றவர்கள் ஆட்சேபித்ததால் பரிசு மறுக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் கேட்டமரன் என்றால் இரண்டு உடல் கொண்ட படகு என்ற பொருள் நிலைத்தது. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் 72 அடி நீளக் கேட்டமரன்கள் நீர்மட்டத்துக்கு மேலே எழும்பிப் பறந்தன. நம் கரையின் கலத்துக்கும் அந்தப் படகுக்கும் வடிவத்தில் ஒற்றுமை ஏதும் இல்லை. பெயர் மட்டும் நம்முடையது.

வெட்டு விழுந்த இடம்

இந்தச் சொல்லை மற்றத் தமிழ்ச் சொற்களிலிருந்து வேறுபடுத்தும் ஒன்று இங்கே இருக்கிறது. நம் கரையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஐரோப்பிய மொழிகளுக்குப் போன தொகைச்சொற்கள் பல. மாங்காய், அடைக்காய், வெற்றிலை, மிளகுத்தண்ணீர் எல்லாம் இரண்டு உறுப்புள்ளவை. சோழமண்டலமும் அப்படியே. ஆங்கிலத்தில் இவை மேங்கோ, அரிக்கா, பீட்டல், முல்லிகட்டானி, கோரமண்டல் என்று இறுகிப்போயின. எங்கே ஓர் உறுப்பு முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது அந்த மொழி பேசுகிறவர்களுக்குத் தெரியாது. மாவும் காயும் வேறென்பதை அறிந்து ஆங்கிலத்தில் யாரும் புதுச்சொல் படைக்கவில்லை.

கேட்டமரன் மட்டும் விலக்கு. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செட்செட் என்ற படகு வடிவமைப்பாளர் 1940களில் மூன்று உடல் கொண்ட படகை உருவாக்கினார். அதற்குப் பெயர் தேடியபோது கேட்டமரனை இரண்டாக வெட்டி, முன்பாதியை நீக்கி, மூன்று எனப் பொருள்படும் 'ட்ரை' என்பதைச் சேர்த்து 'ட்ரைமரன்' என்றார். பின்பு ஐந்து உடல் கொண்ட கப்பல் வடிவத்துக்குப் 'பென்டமரன்' என்ற பெயரும் பிறந்தது. வெட்டு எங்கே விழுந்தது பாருங்கள்: கட்டு என்பதற்கும் மரம் என்பதற்கும் இடையில், சரியான சந்தியில் விழுந்தது. 'மரன்' என்பது இன்று ஆங்கிலத்தில் கப்பலின் உடலைக் குறிக்கும் ஆக்கமுள்ள ஓர் ஈற்றுறுப்பு. தமிழின் மரம் அங்கே வேர்விட்டுத் துளிர்த்திருக்கிறது.

ஆனால் வெட்டி எறியப்பட்டது எது? கட்டு. எந்த வினையால் இந்தக் கலம் கலமாகிறதோ, எந்த வினை காலத்தை மறைத்துத் தன்னுள் வைத்திருந்ததோ, அந்த வினைதான் நீக்கப்பட்டது. வண்ணப் பாய்களோடு விளையாட்டுக்கு ஓடும் படகை ஆங்கிலத்தில் செல்லமாக முதல் அசையால் மட்டும் அழைக்கிறார்கள். அதில் பூனை இருக்கிறது. கட்டு என்ற செயலின் நினைவு இல்லை. அந்த மொழிமேல் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. கட்டுவதைக் கண்ணால் காணாத மக்கள் அந்த வினையை எப்படிக் காப்பாற்ற முடியும்? காப்பாற்ற வேண்டியவர்கள் கண்ணால் கண்ட நாம்.

சங்காடம்

இரண்டு உடல் படகு நமக்குப் புதியதும் அன்று. கிரேக்க மொழியில் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழி நூல், பாண்டியனுக்குரிய கொற்கையில் முத்துக்குளிப்பு நடப்பதைச் சொல்கிறது. குற்றவாளிகளை அந்த வேலைக்கு இறக்கினார்கள் என்றும் சொல்கிறது. அடுத்த பகுதியில் கீழைக் கரையின் கலங்களை வரிசைப்படுத்தும்போது, ஒற்றை மரத்தில் குடைந்த பெரிய கலங்களைப் பிணைத்து ஓட்டிய 'சங்கர' என்ற வகையைக் குறிப்பிடுகிறது. இதைத் தமிழின் சங்காடத்தோடும் மலையாளத்தின் சங்ஙாடத்தோடும் அறிஞர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். அந்தச் சொல்லைப் போர்ச்சுகீசியர் 'ஜங்காடா' என்று எடுத்துச் சென்றார்கள். பிரேசில் மீனவரின் மரத்தெப்பத்துக்கு இன்றும் அதுதான் பெயர். திமில், அம்பி, பஃறி, புணை, தோணி என்று சங்கப் பாடல்கள் காட்டும் கலங்களின் வரிசை வேறு இருக்கிறது. பெயருக்கு நமக்குப் பஞ்சமில்லை.

நாம் செய்யவேண்டியது

2024 பிப்ரவரி 28 அன்று இந்தத் தூத்துக்குடியில் நடந்த அரசு விழாவில், நாட்டிலேயே உருவாக்கப்பட்ட முதல் ஹைட்ரஜன் எரிகலப் படகைப் பிரதமர் தொடங்கிவைத்தார். கொச்சிக் கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய அந்தப் படகு 24 மீட்டர் நீளமுள்ள இரட்டை உடல் படகு. 50 பேர் பயணம் செய்யலாம். அத்தகைய படகைத் தமிழில் 'கேட்டமரன்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அயலார் வைத்த பெயரை நாமே சொல்லிக் கூப்பிடவேண்டியதில்லை. இரட்டைக் கட்டுமரம் என்று எழுதுங்கள். எல்லோருக்கும் விளங்கும், வேரும் தெரியும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. 1980கள் முதல் பிளைவுட் வள்ளங்கள் வந்தன. பிறகு ஃபைபர் படகுகள் வந்தன. அவற்றில் எஞ்சின் பொருத்தலாம், தூரம் போகலாம், வலை அதிகம் ஏற்றலாம். மீனவர் அவற்றுக்கு மாறியது நியாயமானது. அவர்களைப் பழைய கலத்திலேயே இருக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் ஃபைபர் படகைக் கட்டவும் அவிழ்க்கவும் தேவையில்லை. ஆகவே கட்டும் முறையும், ஒவ்வொரு மரத்துக்கும் கயிற்றுக்கும் முடிச்சுக்கும் உரிய பெயரும், நீவாடு என்னும் நீரோட்டத்தையும் காற்றையும் பகுத்து வைத்த பெயர்களும் முதியோரிடம் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கடல்கட்டிக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரப்போகிறது. ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' ஆகிய நாவல்களில் இந்தக் கரையின் பேச்சைப் பெருமளவு பதிவு செய்திருக்கிறார். நாவலாசிரியர் ஒருவர் தனியாகச் செய்த வேலை அது. பல்கலைக்கழகங்களும் அகராதித் துறைகளும் அதைத் தொடரவில்லை என்றால் பழி நம்மைச் சேரும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழ் முதுகலையில் ஆய்வேடு எழுதப்போகும் உங்களில் சிலராவது, தலைப்பை நூலகத்தில் தேடாமல் வேம்பாரிலிருந்து உவரிவரை உள்ள கரை ஊர்களில் தேடுங்கள். ஓர் ஊர், ஒரு கலம், அதன் எல்லா உறுப்புகளின் பெயர், அதைக் கட்டும் முறை, கட்டுகிறவர் வாயால் சொல்லச் சொல்லக் குரல்பதிவு, படம். அவ்வளவு போதும், ஓர் ஆய்வேட்டுக்கு. துறைமுகப் பொறுப்பிலும் மாவட்ட நிர்வாகத்திலும் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: முழுக் கட்டுமரம் ஒன்றைத் தூத்துக்குடியில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். கண்ணாடிக்குள் அசையாமல் வைத்துவிடாமல், கட்டத் தெரிந்த மீனவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, பள்ளிப் பிள்ளைகள் முன்னால் மாதம் ஒருமுறையேனும் அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள். மரத்தை உலகம் எடுத்துக்கொண்டது, வைத்துக்கொள்ளட்டும். கட்டும் கையும் அதன் சொற்களும் நம்மிடம் இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும். அந்த வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.